சந்தனத்துக்கு அடியில் மூன்று விளக்குகள்

இடது பின் சக்கரத்தின் ஒயரைப் பிடுங்கியது நான்தான். பிடுங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிடுங்கினேன் என்று என் தங்கையிடம் சொல்ல, அம்மா செத்த பிறகும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும், எங்கள் அம்மாவைக் கொன்றது தன் புருஷன்தான் என்று நம்பிக்கொண்டு அவள் என் வீட்டில் இருந்தாள். அவரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் சாலையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறேன். முதல் பாதியில் எரியாத விளக்கை எரிய வைப்பதுதான் வேலை. இப்போது தலைகீழ். எரிகிற விளக்கை அணைக்கச் சொல்லித்தான் வருகிறார்கள். சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிறதா, பிடுங்கு. எண்பதைத் தாண்டினால் கூவுகிறதா, பிடுங்கு. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கீச்சிடுகிறதா, அதையும் பிடுங்கு. எந்தப் பிளக்கைக் கழற்றினால் எந்த வாய் அடையும் என்பது எனக்கு அத்துப்படி. "அவருகிட்டப் போனா ஒரு நிமிசத்துல வாயடைச்சு உட்ருவாருங்க" என்று ஓமலூர் வரைக்கும் பேர். அந்தப் பேரில் எனக்குக் கர்வமும் இருந்தது. இல்லையென்றால் பொய்.

என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை முறை, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெள்ளாமைக்காரர். ஏரிக்குக் கீழே பள்ளத்தில் அவருக்கு நிலம். கிழங்கை வெட்டிய அன்றைக்கே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும், ஒருநாள் தள்ளினாலும் கறுத்துவிடும். வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவர் விற்ற பிக்கப்பை வாங்கினார். நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி. முதலில் என் பட்டறைக்குத்தான் ஓட்டி வந்தார். நான் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது சாதா வண்டி இல்ல. சக்கரத்துக்குச் சக்கரம் புத்தி வெச்சிருக்கறான்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் புத்தியைத்தான் பிறகு பிடுங்கச் சொன்னார்.

அது என்ன புத்தி என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

எந்த வண்டிக்கும் பின் அச்சின் நடுவில் ஒரு பல்சக்கர உருண்டை இருக்கும். கிரவுன் என்போம். எஞ்சினிலிருந்து வரும் சுற்றை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். வளைவில் வெளிச் சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும், உள் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும், அதனால் இரண்டையும் அவிழ்த்துவிட்டு வைத்திருக்கும். நல்ல தார் ரோட்டில் இது சௌகரியம். சேற்றில் இதுவே வினை. எந்தச் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறதோ, இருக்கிற சுற்றையெல்லாம் அதற்கே கொடுத்துவிடும். மேட்டில் நிற்கிற சக்கரம் அசையாது. வாய்க்காலில் இரண்டு மடை இருந்து ஒன்று உடைந்துகொண்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிப்போகும் இல்லையா, அதுபோல.

உடைந்த மடையை அடைத்தால் தண்ணீர் மறு பாத்திக்குத் திரும்பும். இந்த வண்டி செய்வதும் அதைத்தான். நாலு சக்கரத்திலும் ஆளுக்கொரு சென்சார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். நாலு கணக்கும் பானட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்குப் போகும். ஒரு பின் சக்கரம் மட்டும் தனியாகப் பறக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பெட்டி, டிரைவர் காலை வைக்காமலே, அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். சுற்று மறு சக்கரத்துக்குத் திரும்பும். அதிலும் அடங்காவிட்டால் எஞ்சினையும் இழுத்துப் பிடிக்கும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அதே நாலு சென்சார்தான் வேறு இரண்டு வேலைக்கும் ஆதாரம். ஓடும்போது பிரேக் மிதித்தால் எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று பார்த்து அதை விட்டுவிட்டுப் பிடிக்க வைப்பது ஒன்று. வண்டி ஸ்டியரிங் சொன்ன பக்கம் போகாமல் குறுக்கே திரும்பினால் ஏதாவது ஒரு சக்கரத்தைப் பிடித்து நேராக்குவது இன்னொன்று. நாலில் ஒரு சென்சார் போனால் பெட்டி மூன்று வேலையையும் கீழே போட்டுவிடும். போட்டுவிட்டேன் என்று மீட்டரில் மூன்று மஞ்சள் விளக்கை ஏற்றிச் சொல்லவும் சொல்லும். இது எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது.

புரட்டாசியில் நல்ல மழை. ஒருநாள் காலையில் போன் வந்தது. கிழங்கு ஏற்றிய வண்டி வயலுக்குள் மாட்டிக்கொண்டது. போய்ப் பார்த்தேன். இடது பின் சக்கரம் அரை ஆழம் சேற்றில், வலது கெட்டி வரப்போரம். மாப்பிள்ளை மிதித்த மிதியில் எஞ்சின் சூடேறியிருந்தது. அடியிலிருந்து 'டர்ர் டர்ர்' என்று பிரேக் பிடித்து விடும் சத்தம். மீட்டரில் சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு சாண் ஏறும், முனகும், நிற்கும். கிழங்கு வெட்ட வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை.

"வண்டி மூச்சு வாங்குதுங்க, ஒரு சோடா வாங்கி ஊத்துங்க" என்றார் ஒரு அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது.

"மச்சான், இந்தச் சனியனப் புடுங்கி எறிஞ்சுடுங்க. நான் மிதிச்சா அது புடிக்குது. வண்டி என்னுதா, அதுதா?"

மெதுவாக மிதித்திருந்தால் அந்தச் சனியனே அவரை மேலேற்றியிருக்கும். பிரேக் பிடித்து சுற்று மறுபக்கம் திரும்பப் பொறுமை வேண்டும். போதாததற்கு டேஷ்போர்டில் ஒரு பட்டன் வேறு இருந்தது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எஞ்சினை இழுத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் அது நிறுத்தும், மற்றதெல்லாம் இருக்கும். வண்டியை அணைத்துப் போட்டால் தானாகவே பழையபடி ஆகிவிடும். அந்தப் பட்டனை நான் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் பட்டனை அழுத்திக் காட்டுவதற்கா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்கள்? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு பேர் இருக்கிறது. சேற்றில் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, இடது சக்கரத்துச் சென்சார் பிளக்கைக் கழற்றினேன். சேறு போகாமல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அச்சின் மேலேயே கட்டிவிட்டேன்.

"இப்ப மிதிங்க மாப்ள."

மிதித்தார். எஞ்சின் அலறியது. சக்கரம் சுற்றின சுற்றில் என் மேலெல்லாம் சேறு. எட்டுப் பேரும் தள்ளினார்கள். வெட்டிப் போட்ட கிழங்குக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக யாரோ சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். வண்டி குதித்து மேலே வந்தது. மேலேற்றியது குச்சியும் எட்டுப் பேரின் தோளும். பேர் மட்டும் எனக்கு.

சாயங்காலம் பட்டறைக்கு வாருங்கள், திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றேன். அவர் மறுநாள்தான் வந்தார். மாட்ட வேண்டாம் என்றார். "இன்னும் ரெண்டு மாசத்துக்கு வெட்டு இருக்குதுங்க மச்சான். திரும்பவும் அதுங்கூட மல்லுக்கட்ட என்னால ஆவாது. கழட்டி வெச்சா ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன். "நம்ம பழைய வண்டியெல்லாம் இது இல்லாமத்தான ஓடுச்சு."

அப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஆயுதபூஜை வந்தது. எங்கள் பக்கம் வண்டியுள்ளவர்கள் வீட்டில் பூஜை போட்டாலும் போடாவிட்டாலும் மெக்கானிக் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பொட்டு வைத்துப் போவது வழக்கம். அன்றைக்கு என் வாசலில் ஒரே வண்டியாக இருக்கும். பொட்டு வைப்பது எங்கள் அம்மா. வருடா வருடம் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒன்றில் குங்குமம். ஸ்டியரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, மீட்டர் கண்ணாடிக்கு ஒன்று. ஒவ்வொரு வண்டியிடமும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் நகருவாள். "ஒழுங்கா ஊடு கொண்டுபோயி சேத்தோணும், கேட்டயா" என்று லாரியை மிரட்டுவாள்.

அவளுக்கு அப்போதுதான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. புதிதாகக் கிடைத்த பார்வையை வீணாக்காமல் எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்ப்பாள். பலகாரத்தில் எறும்பு, என் சட்டையில் கறை, எதுவும் தப்பாது. மாப்பிள்ளையின் வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சாமி, இதென்ன மூணு வெளக்கு எரியுது? மத்த வண்டியில இப்புடி எரியலியே."

எனக்குப் பின்னால் ஆறு வண்டி நின்றது. ஒருத்தர் ஹார்ன் அடித்தார்.

"அது சும்மா எரியுதும்மா. அது மேலயே பொட்ட வெச்சு உடு, கண்ணுக்குத் தெரியாது."

அம்மா மோதிர விரலில் சந்தனத்தை எடுத்து மூன்று விளக்கின் மேலும் கனமாக அப்பினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். இப்போது ஒன்றும் தெரியவில்லை. "அழகாத்தான் இருக்குது" என்றாள். கண்ணாடியில் வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

ஐப்பசியில் அம்மாவுக்கு அடுத்த கண்ணுக்காகச் சேலம் போக வேண்டியிருந்தது. நான் பஸ் ஏற்றிவிடுவதாகத்தான் பேச்சு. காலையிலிருந்து தூறல். மாப்பிள்ளை கேள்விப்பட்டு, "மழையில அத்தைய எதுக்குங்க பஸ்சுல அலைய உடறது" என்று வண்டியோடு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மாவைக் கைத்தாங்கலாக முன் சீட்டில் ஏற்றினார். பெல்ட்டை அவரே இழுத்து மாட்டிவிட்டார். அம்மா மடியில் மஞ்சள் பை, ஆஸ்பத்திரி சீட்டு, கறுப்புக் கண்ணாடி. "வாரேன் சாமி" என்றாள். நான் ஒரு வண்டிக்கு ஹெட்லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே "ம்" என்றேன்.

போகிற வழியில் ஒரு சேகோ மில் இருக்கிறது. கிழங்கில் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கையைத் திப்பி என்போம். களத்தில் இடம் போதாவிட்டால் ரோட்டோரத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். தார் ரோட்டில் பாதிவரை வரும். காய்ந்தால் தூசி. மழையில் நனைந்தால் கஞ்சிப் பசை போல வழவழவென்று ஆகிவிடும். அதன் மேல் நடக்கவே விரலை ஊன்றி நடக்க வேண்டும். மாப்பிள்ளை வேகமாகப் போகவில்லை. எதிரே பஸ் வந்ததால் இடது ஓரம் ஒதுங்கினார். இடது சக்கரம் இரண்டும் திப்பியில் ஏறின, வலது இரண்டும் தாரில். அந்த நேரம் பார்த்து மில் வாசலிலிருந்து ஒரு எருமைக்கன்று ரோட்டுக்கு ஓடி வந்தது. பிரேக் மிதித்தார்.

இடது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின. வலது சக்கரங்கள் தாரைப் பிடித்தன. வண்டி பம்பரமாகத் திரும்பி, அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தால் புளியமரத்தில் மோதியது. மாப்பிள்ளைக்கு வலது கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அம்மா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஒரு சக்கரம் ஒரு தரையிலும் மறு சக்கரம் வேறு தரையிலும் இருக்கும்போது வண்டி திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அதற்காகவேதான்.

சாவு வீட்டில் கட்டுப்போட்ட கையோடு மாப்பிள்ளை வந்து நின்றார். என் தங்கை எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தாள். "எங்கம்மாவக் கொன்னுபோட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து நிக்கற? உன்னய ஆரு கூட்டிட்டுப் போகச் சொன்னா? பஸ்சுல போயிருந்தா இருந்திருப்பாளே!" பெண்கள் அவளைப் பிரித்தார்கள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை சனம் இருந்தது. சனம் இருந்ததால்தான் சொல்லவில்லை. வயலில் சனத்துக்காகப் பிடுங்கினேன், வீட்டில் சனத்துக்காக மறைத்தேன்.

கருமாதி முடிந்ததும் தங்கை தன் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாக மாப்பிள்ளை மேல் வழக்கு. வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து வண்டியில் பழுது இருந்ததா என்று எழுதித் தர வேண்டும். பானட் மாட்டிக்கொண்டு திறக்கவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். திறந்துகொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். இன்ஸ்பெக்டர் பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. ஆயில் பார்த்தார், சரி. டயர், ஸ்டியரிங், ஹேண்ட் பிரேக், எல்லாம் சரி. நெருப்புப் பிடிக்காமல் இருக்க விபத்து நடந்த இடத்திலேயே பேட்டரியைக் கழற்றியிருந்தார்கள், அதனால் மீட்டரில் எதுவும் எரியவில்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். "பூசையெல்லாம் போட்டும் இப்படி ஆயிருச்சு பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதினார். நான் "ஆமாங்க" என்றேன். ஒரே வார்த்தை. மாப்பிள்ளை தலையில் எல்லாம் விழுந்தது. இப்போது வக்கீலிடம் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன், என்ன ஆகிறதோ ஆகட்டும். அன்றைக்கு எழுதவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். முறிந்த கை கூடிய பிறகு ஒருநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், நீங்க வண்டி தெரிஞ்சவரு. சொல்லுங்க. நான் நேராத்தான் புடிச்சிருந்தேன். மிதிச்சேன், அது பாட்டுக்குத் திரும்பிருச்சு. எப்புடீங்க அப்படித் திரும்பும்?"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் பிடுங்கியது சேற்றில் முனகும் சனியனை மட்டும்தான் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தார். வண்டி விஷயம் கேட்க அவருக்குத் தெரிந்த ஆள் நான்தான், அதனால் கேட்டார்.

"பதட்டத்துல ஓங்கி மிதிச்சிருப்பீங்க மாப்ள" என்றேன். "மழையில அப்படி மிதிச்சா எந்த வண்டியும் திரும்பும்."

தலையை ஆட்டினார். "அப்படித்தானுங்க இருக்கும்" என்றார். அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. கிழங்கு வெட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் டவுன் பஸ்ஸில் வந்து என் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார். கையில் மகளுக்கு ஒரு பை. என் தங்கை உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாளு போகட்டும் மாப்ள" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லுவேன். எனக்கே என் குரலைக் கேட்க அருவருப்பாக இருக்கும். இருந்தும் அடுத்த ஞாயிறும் அதையே சொல்லுவேன்.

பங்குனியில் வண்டியை விடுவித்தார்கள். இழுத்து வந்து என் பட்டறையின் பின்பக்கம் போட்டார்கள். இடது பக்கம் முழுக்க உள்வாங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் வேலை செய்ய ஒரு தார்ப்பாயைப் போர்த்தினேன்.

அம்மாவின் மஞ்சள் பை உள்ளே இருக்கும் என்று தங்கை வந்தாள். வர வேண்டாம், நானே எடுத்து வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. வலது கதவைத் திறந்து ஏறினாள். சீட்டுக்கடியிலிருந்து பையை எடுத்தாள், கறுப்புக் கண்ணாடியை எடுத்தாள். இறங்கப்போனவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, இது அம்மா வெச்ச பொட்டுங்களா?"

"ஆமா கண்ணு."

"வெரல் ரேகை அப்படியே இருக்குது." தொடப்போய்த் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "இந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிக் குடுங்கண்ணா. நான் வெச்சுக்கறேன்."

எனக்கு அது மூன்று ஸ்குரூ வேலை. திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தேன். கழற்றிக் கொடுத்திருந்தால் அவள் அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்து வருடா வருடம் எடுத்துப் பார்ப்பாள். நானும் பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தேன். உள்ளே போய் ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

மீட்டரில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்தது, ஒவ்வொன்றாக அணைந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக மட்டும் மஞ்சள் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது.

"இதென்னுங்கண்ணா?"

சொன்னேன். சேற்றில் மாட்டியதிலிருந்து சொன்னேன். சென்சார் என்றால் என்ன, பெட்டி என்றால் என்ன, எது போனால் எது போகும் என்று ஒரு கஸ்டமருக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். மடை அடைப்பதைச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் கட்டுகிறவள்தானே.

"அந்த ஒயரு இருந்திருந்தா?"

"நேரா நின்னிருக்கலாம். நிக்காமயும் போயிருக்கலாம். அது ஆருக்கும் தெரியாது. ஆனா அவரு தப்பா ஓட்டுல."

"அம்மாவுக்கு இது தெரியுங்களா?"

"கேட்டுச்சு. எதுக்கு எரியுதுன்னு கேட்டுச்சு. சும்மா எரியுது, மேல பொட்டு வெய்யின்னேன்."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "அவரு உங்களக் கேட்டாருங்களா, எப்புடித் திரும்புச்சுன்னு?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் போனை எடுத்து, ஐந்து மாதத்தில் முதல் முறையாகத் தன் புருஷனைக் கூப்பிட்டாள். "பட்டறைக்கு வாங்க" என்றாள். "எதுக்கா? வாங்க, சொல்றேன்."

அவர் பஸ் பிடித்து வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சும்மா நிற்க முடியாமல் நான் வண்டிக்கு அடியில் படுத்து, டேப்பைப் பிரித்து, பிளக்கைத் திரும்ப மாட்டினேன். கிளிக் என்றது. வெளியே வந்து சாவியைத் திருப்பினேன். விளக்குகள் அணையவில்லை. சக்கரம் கொஞ்ச தூரம் ஓடி, நாலு கணக்கும் ஒத்துப்போனால்தான் அந்தப் பெட்டி நம்பும். அதுவரை எரிந்துகொண்டுதான் இருக்கும். அந்த வண்டி இனி ஓடாது.

மாப்பிள்ளை நடந்து வந்தார். இளைத்துப் போயிருந்தார். மனைவி தன்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷமும் எதற்கோ என்ற பயமும் முகத்தில் இருந்தன. அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். என் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஒயரைப் பார்த்தார். பிறகு, நேராக்கியும் சரியாக நேராகாத அந்த வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் மிதிச்சது செரிதானுங்களா மச்சான்?"

"செரிதான் மாப்ள" என்றேன்.

"ஓங்கி மிதிக்கலீங்களே?"

"இல்ல மாப்ள. செரியாத்தான் மிதிச்சீங்க."

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். என் தங்கை ஸ்டூலிலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் எழுந்து பஸ் ஏறப் போனார்கள். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். பொட்டு வைத்த மீட்டர் கண்ணாடியைக் கேட்கவில்லை.